பறையறைய யார் கூலி கொடுப்பது? யேர்மனியப் பங்குச் சந்தையில் ஓர் அறிவித்தலின் விலை

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'பறைதல்' என்றால் சொல்லுதல். 'அவர் என்ன பறைஞ்சவர்?' என்று கேட்டுப் பழகிய நமக்கு, அச்சொல்லுக்கும் பறை என்னும் தோற்கருவிக்கும் உள்ள உறவை எவரும் விளக்கத் தேவையில்லை. ஊரறியச் சொல்லவேண்டியதைத் தோலிலே தட்டிச் சொன்ன மரபு நம்முடையது. மணிமேகலையின் முதற் காதையே விழாவறை காதைதான். யானையின் பிடரியில் முரசேற்றி, இந்திர விழாவைப் புகார் நகர மாந்தருக்கு அறிவிப்பதோடு காப்பியம் தொடங்குகிறது. அவ்வளவு பின்னே போகவும் வேண்டாம். இலங்கையின் 1977 ஆம் ஆண்டுக் காணிப் பிரிவினைச் சட்டத்திலும், வழக்குத் தொடரப்பட்ட செய்தியைக் காணியடியிற் பறையறைந்து அறிவிக்கும் விதி இடம்பெற்றிருக்கிறது. பறையடித்தவரை ஊர் எங்கே நிறுத்தி வைத்தது என்பது வேறொரு கட்டுரைக்குரிய வெட்கக்கேடு.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமையைப் படித்தவர்கள், காணி விற்பனை பற்றிய பகுதியில் ஒரு செய்தியைக் கண்டிருப்பர். காணி விற்க எண்ணுபவர் அவ்வெண்ணத்தைத் தம் பகுதித் தேவாலயத்திலே தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவிக்கச் செய்தல் வேண்டும் என்பது அது. வாங்குவதில் முன்னுரிமை பெற்ற உடன்பங்காளிகளும் உறவினரும் அயலவரும், விற்பனை நடந்து முடிந்த பின்னர் அதனை வேலிக்கு அப்பாலிருந்து கேள்விப்படலாகாது என்பதே அதன் நோக்கம். விலைபேசப்படும் பொருளைப் பற்றிய செய்தி, அதில் உரிமையோ அக்கறையோ உடைய அனைவரது காதிலும் ஒரே வேளையில் விழவேண்டும் என்ற நியாயம் அங்கே இருந்தது. பிராங்பேர்ட் பங்குச் சந்தையின் அறிவித்தற் சட்டமும் அதே நியாயத்தின் மீதுதான் நிற்கிறது. அறைகின்ற கூலியை யார் கொடுப்பது, அது யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பனவே நாம் இங்கு ஆராய விழையும் கேள்விகள்.

பங்குச் சந்தைக்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். தஞ்ச விண்ணப்பத்தின் முடிவை எதிர்பார்த்து அகதிகள் விடுதியில் நாளெண்ணிக்கொண்டிருப்பவருக்கு, ஒரு கார்க் கம்பனியின் அறிவித்தல் கடலுக்கு அப்பாலுள்ள செய்தியாகவே தோன்றும். ஆயினும் எம்மவரிற் பலர் வேலைபார்க்கும் தொழிற்சாலைகள் பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு உரியவை. ஒரு கிளை மூடப்படப் போகிறது என்பது, தொழிற்சாலைச் சுவரில் ஒட்டப்படுவதற்கு முன்னரே இத்தகைய அறிவித்தலொன்றில் வெளிவந்துவிடலாம். அதற்கும் மேலாக, மளிகைக் கடையோ உணவகமோ பொதி அனுப்பும் சேவையோ நடத்தும் எம்மவர் பலர், வரையறுத்த பொறுப்புடைய கம்பனியாக அதனைப் பதிவு செய்திருக்கின்றனர். பங்குச் சந்தைக் கம்பனிகளைப் பேசவைக்கும் சட்டத்தின் தம்பிச் சட்டம் ஒன்று, ஆண்டுதோறும் இவர்கள் கதவையும் தட்டுகிறது. அதனையும் பார்ப்போம்.

யேர்மனியில் இன்றைய வடிவிலான சட்டம் 1994 இல் இயற்றப்பட்டு, 1995 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பங்கின் விலையைப் பெரிதும் அசைக்கக்கூடிய, ஊரறியாத செய்தி எதுவும் கம்பனிக்குள் பிறந்தால், அதனை அக்கம்பனி தாமதமின்றி வெளியிடல் வேண்டும். இதற்கு இங்கே வழங்கும் பெயர் 'அட்-ஹொக்' அறிவித்தல். வெளியிடுமுன் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் சந்தை நிர்வாகத்துக்கும் அதனை அனுப்புதல் வேண்டும். தேவையாயின் அப்பங்கின் வியாபாரத்தைச் சற்று நிறுத்திவைப்பதற்காக. கண்காணிப்பு அலுவலகம் 1995 இல் பிராங்பேர்ட்டில் தொடங்கப்பட்டது; 2002 மே மாதம் வங்கி, காப்புறுதிக் கண்காணிப்புகளோடு இணைக்கப்பட்டு 'பாஃபின்' என்ற பெயரைப் பெற்றது.

சீட்டுப் பிடித்துப் பழகிய எமது மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சீட்டுக் கேட்கும் நாளன்று, எவர் எவ்வளவு கழிவுக்குக் கேட்கப் போகிறார் என்பதைத் தாச்சியானவர் தம் மைத்துனருக்கு மட்டும் முன்கூட்டியே காதிற் சொன்னால், மற்றவர்கள் ஏமாந்தவர்களே. பட்டியலிடப்பட்ட கம்பனியின் இயக்குநர்களும் அவர்களது வங்கியாளரும் சட்டத்தரணியும் அத்தகைய மைத்துனராகிவிடக் கூடாது என்பதே சட்டத்தின் கவலை.

முதலில் இவ்வறிவித்தல்களின் விலை மில்லிமீற்றரிற் கணக்கிடப்பட்டது. சந்தையின் சட்டபூர்வ அறிவித்தல்களை வெளியிடும் தகுதி, பட்டியலில் இடம்பெற்ற சில ஏடுகளுக்கே இருந்தது. 1952 இல் தொடங்கிய 'பேர்சன் சைற்றுங்', 'பிராங்பேர்ட்டர் அல்கெமைனே', 'ஹண்டெல்ஸ்பிளாற்' போன்றவை அவற்றுட் சில. பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கான அழைப்பு, பங்கிலாப அறிவித்தல், மூலதன உயர்வு பற்றிய அறிவித்தல் என்று நெருக்கிய சிறு எழுத்திலே பத்தி பத்தியாக வெளிவரும். பத்தியின் அகலமும் உயரமும் அளந்து பணம் வாங்கப்படும். கம்பனிகள் முணுமுணுத்தபடியே கட்டின. ஏடுகளுக்கோ அது நிலையான வருவாய். இதனை நாம் குறைகூறும் நிலையில் இல்லை. புலத்துத் தமிழேடுகளுக்கு மரண அறிவித்தலும் பூப்புனித நீராட்டு விழா வாழ்த்தும் அச்சுக்கூலி கொடுக்கின்றன. பெரிய ஏடுகளுக்குக் கம்பனிகளின் பொதுக்கூட்ட அழைப்பு கொடுத்தது. அவ்வருவாய் மறைந்தபோது, அதனால் உணவூட்டப்பட்ட நிருபர்களின் மேசைகளும் சில வெறுமையாயின என்பதைச் செலவுக் கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை.

1995 ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டுக்கு மாற்றாக மின்வழிச் செய்திச் சேவையையும் அனுமதித்தது. அவ்வாயிலைப் பயன்படுத்தி 1996 இல், யேர்மன் பங்குச் சந்தை நிறுவனமும் ரோய்ட்டர்ஸும் 'ஃபௌ-வே-டே' என்னும் பொருளாதாரச் செய்தி முகவரகமும் சேர்ந்து, அறிவித்தல்களை விநியோகிப்பதற்கென்றே ஒரு கம்பனியை நிறுவின. டே-கே-ஆ-பே என்ற அதன் சுருக்கப் பெயர் சந்தைக்காரர் அனைவருக்கும் பழக்கமாயிற்று. கம்பனி ஒருமுறை அனுப்பினால் போதும். முகவரகங்களுக்கும் கண்காணிப்பு அலுவலகத்துக்கும் சந்தைகளுக்கும் அது சில நிமிடங்களில் போய்ச் சேர்ந்துவிடும். மில்லிமீற்றர் விலையோடு ஒப்பிடுகையில் இது மலிவு.

2007 ஜனவரியில் ஐரோப்பிய வெளிப்படைத்தன்மைச் சட்டம் யேர்மனியச் சட்டமாயிற்று. ஓர் அறிவித்தலை ஒரு மூலையில் வெளியிட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருத்தல் இனி முடியாது. செய்தி முகவரகம், அச்சேடு, இணையத் தளம் எனப் பலவகை ஊடகங்களுக்கு அதனை ஒரேவேளையில் அனுப்பி, ஐரோப்பா எங்கும் பரவச் செய்தல் வேண்டும். அத்தோடு கம்பனிப் பதிவேட்டிலும் சேமித்தல் வேண்டும். செய்தியைப் பெறும் முதலீட்டாளரிடம் அதற்கெனத் தனிக் கட்டணம் அறவிடக் கூடாது என்றும் ஐரோப்பிய வழிகாட்டல் தெளிவாகவே கூறியது. பறைக்கூலியைப் பறையறைவிப்பவரே கொடுப்பார், கேட்பவர் கொடுக்கமாட்டார் என்பது இதன் பொருள். எமது மதிப்பீட்டில் இது நேரிய ஏற்பாடே. ஆயினும் கம்பனியின் செலவு என்பது இறுதியில் பங்குதாரரின் செலவுதான். நூறு பங்கு வைத்திருக்கும் ஓய்வூதியக்காரரும் அதில் தம் பங்கைக் கட்டுகிறார்.

அறிவித்தல் மலிவாகி, அதேவேளை எல்லாரும் படிக்கும் பொருளாகவும் ஆனபோது நடந்தது சுவையானது. 1997 மார்ச்சில் பிராங்பேர்ட்டில் 'நொயர் மார்க்ட்', அதாவது புதுச் சந்தை, திறக்கப்பட்டது. கணினி, இணையம், தொலைக்காட்சி உரிமம் என்று பேசிய இளங் கம்பனிகள் அங்கே குவிந்தன. சட்டம் கடமையாக விதித்த அறிவித்தலை அவை விளம்பரமாகக் கண்டுகொண்டன. பத்திரிகையில் ஒரு பக்க விளம்பரத்துக்குப் பெருந்தொகை வேண்டும். அட்-ஹொக் அறிவித்தல் சில வரிகளில், அரசுச் சட்டத்தின் கம்பீரத்தோடு, ஒவ்வொரு தரகரின் திரையிலும் தோன்றும். இதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

அவுக்ஸ்பேர்க் நகரின் இன்ஃபோமாற்றெக் என்ற கம்பனி 1999 மே மாதத்தில், இணையத்தைப் பாவிக்கும் கருவிகளுக்குக் குறைந்தது 55 மில்லியன் மார்க் பெறுமதியான கட்டளை கிடைத்ததாக அறிவித்தது. பங்கு விலை ஏறியது. உண்மையில் உறுதியாகக் கிடைத்தது பத்து மில்லியன் மார்க்குக்கும் குறைந்த ஒரு கட்டளைதான் என்பது பின்னர் தெரியவந்தது. அறிவித்தலை நம்பி வாங்கிய சிறு முதலீட்டாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2004 ஜூலையில் கார்ல்ஸ்றூவேயிலுள்ள சமஷ்டி நீதிமன்றம், வேண்டுமென்றே பொய்யான அறிவித்தல் விடுத்த இயக்குநர்கள் தம் சொந்தப் பொறுப்பில் நட்டம் ஈடுசெய்ய வேண்டிவரும் என்று தீர்த்தது. அதற்கு முன்னரே, 2002 இல், அறிவிக்கத் தகுதியற்றவற்றை அட்-ஹொக் என்ற பெயரில் வெளியிடுதலைச் சட்டம் தடைசெய்திருந்தது. புதுச் சந்தையோ 2003 ஜூனில் மூடப்பட்டுவிட்டது. பேசாதே என்று ஒரு கையும் பேசு என்று மறு கையும் சுட்டும் சட்டத்தின் இக்கட்டு அங்கேதான் தொடங்கியது எனலாம்.

இனி மறுபக்கம். பேசவேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தால் என்ன ஆகும்?

டைம்லர் கிறைஸ்லர் கம்பனியின் தலைவராயிருந்த யூர்கன் ஸ்றெம்ப், 2005 மே 17 ஆம் திகதி மேற்பார்வைச் சபையின் தலைவரிடம், பதவி விலகும் தம் எண்ணத்தைச் சொன்னார். மேற்பார்வைச் சபை கூடி முடிவெடுத்தது ஜூலை 28 ஆம் திகதி. அன்றுதான் அறிவித்தல் வெளிவந்தது. பங்கு விலை துள்ளி ஏறியது. ஒரு தலைவர் போகிறார் என்ற செய்திக்குச் சந்தை இவ்வளவு மகிழ்ந்ததைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ! ஆனால் இடைப்பட்ட பத்து வாரங்களில் தம் பங்குகளைக் குறைந்த விலைக்கு விற்றவர்கள், 'எங்களுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும்' என்று வழக்குத் தொடுத்தனர். வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2012 ஜூன் 28 ஆம் திகதி அந்நீதிமன்றம், இறுதி முடிவு மாத்திரமன்றி அதற்கு இட்டுச்செல்லும் இடைப்படிகளும் அறிவிக்கவேண்டிய செய்தியாக இருக்கக்கூடும் என்று கூறிற்று.

இத்தீர்ப்பின் பின்னர் ஓர் அறிவித்தலின் உண்மையான விலை எங்கே போய் உட்கார்ந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். விநியோகச் சேவைக்குக் கட்டும் கூலி அப்படியே கிடக்க, அதன் பின்னால் சட்டத்தரணிகளின் கூலி வளர்ந்தது. தலைவர் தம் நண்பரிடம் மனம்விட்டுப் பேசியது இடைப்படியா? வாங்குவதற்குப் பேச்சு நடத்தும் கம்பனிக்கு அனுப்பிய முதற் கடிதம் இடைப்படியா? இப்பொழுதே வெளியிடுவதா, நியாயமான காரணம் காட்டித் தற்காலிகமாகத் தள்ளிவைப்பதா? தள்ளிவைப்பதாயின் அதற்கான காரணங்களை நாள், மணி குறித்து எழுதிவைத்தல் வேண்டும்; செய்தியை அறிந்தவர் எவரெவர் என்ற பட்டியலும் வைத்தல் வேண்டும். 2016 ஜூலை 3 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியச் சந்தை முறைகேட்டு ஒழுங்குவிதியின்படி, அறிவிக்கத் தவறும் கம்பனிக்கு 25 இலட்சம் யூரோ அல்லது ஆண்டு விற்பனையின் 2 வீதம் வரை தண்டம் விதிக்கலாம். சில நூறு சொற்கள் கொண்ட ஓர் அறிவித்தலுக்கு ஐந்தாறு சட்டத்தரணிகள் இரவிரவாக விழித்திருப்பதன் காரணம் இதுதான்.

இதன் பெருவடிவத்தை வொல்க்ஸ்வாகன் காட்டியது. 2015 செப்ரெம்பர் 18 ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, டீசற் கார்களின் புகை மோசடியை அமெரிக்கச் சுற்றாடல் அலுவலகம் வெளிப்படுத்தியது. கம்பனியின் அட்-ஹொக் அறிவித்தல் செப்ரெம்பர் 22 ஆம் திகதி வந்தது: உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் வாகனங்கள், ஏறத்தாழ 650 கோடி யூரோ ஒதுக்கீடு. இரண்டு வியாபார நாட்களுக்குள் பங்கு விலையில் மூன்றிலொரு பகுதி கரைந்தது. மிகப் பிந்திச் சொன்னீர்கள் என்று பங்குதாரர்கள் தொடுத்த முன்மாதிரி வழக்கின் விசாரணை 2018 செப்ரெம்பரில் பிறவுண்ஸ்வைக் நகரில் தொடங்கியது. கேட்கப்பட்ட நட்டஈடு பல நூறு கோடி யூரோ. மறுபுறம், வயர்காட் என்ற கம்பனி 2020 ஜூன் 22 ஆம் திகதி விடுத்த அறிவித்தலில், தன் கணக்கிலிருந்த 190 கோடி யூரோ பெரும்பாலும் இருக்கவே இல்லை என்றது. மூன்றாம் நாள் வங்குரோத்து விண்ணப்பம். அதுவரை ஆண்டுக்கணக்காக அக்கம்பனி கட்டணம் கட்டி வெளியிட்டுவந்த அறிவித்தல்களும் முறைப்படி, வேளைக்கு, எல்லாருக்கும் ஒரே நேரத்திற் சென்றவைதாம். செய்தி சமமாகப் போய்ச் சேருவதைச் சட்டம் உறுதிசெய்யலாம். பறையிலே பொய் அறையப்படுவதைச் சட்டத்தால் முன்கூட்டித் தடுக்க முடிவதில்லை.

பெருங் கம்பனிகளுக்கு இவையெல்லாம் கணக்கில் ஒரு வரி. சிறு கம்பனிகளின் முறைப்பாட்டை நாம் அவ்வளவு இலகுவில் தள்ளிவிட மாட்டோம். ஆண்டு விற்பனை சில கோடி யூரோ மட்டுமே உள்ள ஒரு கம்பனிக்கும் ஆயிரங் கோடிக் கம்பனிக்கும் ஒரே விதிகள். 2013 ஒக்ரோபரில் பிரேமர்ஹாபன் நகரின் உறைமீன், உறையுணவுக் கம்பனியான ஃப்றோஸ்ரா தொடர்பான வழக்கில், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தையிலிருந்து விலகுவதற்குப் பங்குதாரர் கூட்டத்தின் தீர்மானமோ பங்குகளை வாங்கிக்கொள்ளும் முன்மொழிவோ தேவையில்லை என்று சமஷ்டி நீதிமன்றம் தீர்த்தது. கதவு திறந்ததும் பல கம்பனிகள் வெளியேறின; பல, அறிவித்தற் கடமைகளின் செலவையே காரணமாகக் கூறின. பின்னால் நின்ற சிறு பங்குதாரர்கள் விலை சரிந்த பங்குகளோடு திகைத்தனர். 2015 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, விலகும் முன் பங்குகளை வாங்கிக்கொள்ள முன்வரல் வேண்டும் என்றாயிற்று. அடுத்த ஆண்டே, முன்பு இலகுவான புகலிடமாயிருந்த திறந்த சந்தைக் கம்பனிகளையும் ஐரோப்பிய விதி தன் வலைக்குள் இழுத்துக்கொண்டது. 2024 இன் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் சற்று இறங்கிவந்தது: நீண்டு நடக்கும் ஒரு காரியத்தின் இடைப்படிகளை அறிவிக்கத் தேவையில்லை என்ற திருத்தத்துக்கு 2026 ஜூன் 5 ஆம் திகதியை அது குறித்தது. டைம்லர் வழக்கால் வளர்ந்த சட்டத்தரணிக் கூலி இதனாற் குறையலாம். அந்தப் பத்து வாரங்களைப் போன்ற காலத்தில் பங்கை விற்பவரின் இழப்பு குறையுமா என்பதில் எமக்கு ஐயமுண்டு.

இதிலே ஒரு முரண்நகை. டே-கே-ஆ-பேயைப் பின்னர் விலைக்கு வாங்கி, அறிவித்தல் விநியோகத்தில் யேர்மனியின் முதன்மை நிறுவனமாக வளர்ந்தது மியூனிச்சின் ஈ.கியூ.எஸ் கம்பனி. அதுவும் சந்தையிற் பங்கு விற்ற கம்பனியே. 2023 நவம்பரில் தோமா பிராவோ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பங்கொன்றுக்கு 40 யூரோ கொடுத்து அதனை வாங்க முன்வந்தது; அதன் பின்னர் அப்பங்குகள் சந்தையை விட்டே அகன்றன. மற்றக் கம்பனிகள் பேசுவதற்குக் கூலி வாங்கும் கம்பனி, தான் பேசவேண்டிய கடமையிலிருந்து விலகிக்கொண்டது.

அறிவித்தற் பலகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உண்டு. 'புண்டெஸ்அன்சைகர்' என்பது யேர்மனியின் வர்த்தமானி. 1949 முதல் வெளிவருவது. நீதி அமைச்சின் பெயரால் வெளியிடப்படுவது. ஆனால் அதனை அச்சிட்டு விற்ற பதிப்பகம் 2006 இல் முழுமையாகக் கொலோன் நகரின் டூமோன் ஷவ்பேர்க் என்னும் தனியார் பத்திரிகைக் குடும்பத்தின் கைக்குப் போனது. 2012 ஏப்பிரல் முதல் காகிதம் ஒழிந்து மின்வடிவம் மட்டும். பொதுக்கூட்ட அழைப்பு போன்றவற்றுக்கு மில்லிமீற்றர் போய், இப்போது எழுத்தெண்ணிக் காசு. சட்டம் கட்டாயப்படுத்தும் ஓர் அறிவித்தலுக்கு வேறு கடை இல்லாதபோது, கடைக்காரர் தனியாராக இருத்தல் முறையா? முறையன்று என்பதே எமது கருத்து. அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியிலேயே கம்பனி அறிக்கைகள் அனைத்தையும் அரசின் பங்குக் கண்காணிப்பு ஆணைக்குழு தானே மின்வழியில் வாங்கி, எவரும் இலவசமாய்ப் படிக்க வைத்துவிட்டது. ஐரோப்பாவோ அத்தகைய ஒரே வாயிலை அமைப்பதற்கான விதியை 2023 டிசம்பரில்தான் இயற்றி, பொதுமக்களுக்குத் திறக்கும் காலமாக 2027 ஜூலையைக் குறித்தது.

எம் தாய்மொழியும் இவ்விடயத்தில் ஓரிடம் பெற்றிருக்கிறது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட கம்பனி தன் காலாண்டுக் கணக்கை ஓர் ஆங்கில நாளேட்டிலும், பதிவு அலுவலகம் அமைந்த மாநிலத்தின் மொழி நாளேட்டிலும் அறிவிக்கவேண்டும் என்பது 2015 ஆம் ஆண்டு விதி. சென்னையின் 'மக்கள் குரல்' ஏட்டைப் புரட்டுபவர் இத்தகைய கணக்குப் பெட்டிகளை அடிக்கடி காணலாம். இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கேட்கும் பகிரங்க அறிவித்தலும் வர்த்தமானியோடு சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழி நாளேடுகளில் வரவேண்டியது. தமிழிலே வெளிவரும் அக்கணக்கு வரிகளை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேலி செய்வோர் உண்டு. படிப்பவர் தொகை குறைவுதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒரு மொழி அறிவிக்கத் தக்க மொழியாக இருப்பதன் பெறுமதியை, அவ்வாறு இல்லாத நாட்டில் வாழும்போதுதான் நாம் அறிகிறோம்.

இனி எமது கடைகளுக்கு வருவோம். 2007 முதல் யேர்மனியில் வரையறுத்த பொறுப்புடைய ஒவ்வொரு கம்பனியும், மூன்று இராக்கை அரிசி மூட்டை மட்டும் உள்ள கடையாயினும், தன் ஆண்டுக் கணக்கை நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் மின்வழியிற் கொடுத்தல் வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பனிகளுக்கு 4 மாதம். 2022 இல் தொடங்கிய நிதியாண்டு முதற்கொண்டு கணக்குக் கொடுக்கவேண்டிய இடம் கம்பனிப் பதிவேடு. இதற்கான கட்டணம் சிறு கம்பனிக்குப் பெரிதன்று. கொடுக்காமல் விடுவதன் விலையோ அத்தகையதன்று. பொன் நகரிலுள்ள சமஷ்டி நீதி அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பும்: ஆறு வாரத்துக்குள் கணக்கைக் கொடுங்கள், இல்லையேல் குறைந்தது 2,500 யூரோ தண்டம். அக்கடிதம் கிடைத்த பின்னர் ஆறு வாரத்துக்குள் கொடுத்தாலும், கடிதச் செலவோடு சேர்த்து 103.50 யூரோ கட்டியே தீரவேண்டும். ஆறு வாரம் கடந்து, ஆனால் அலுவலகம் அடுத்த நடவடிக்கை எடுக்குமுன் கொடுத்தால், மிகச் சிறு கம்பனிக்குத் தண்டம் 500 யூரோவாகவும் சிறு கம்பனிக்கு 1,000 யூரோவாகவும் குறைக்கப்படும். தொடர்ந்து மௌனமாக இருந்தால் தண்டம் மீண்டும் மீண்டும் விதிக்கப்படும். மேல் எல்லை ஒவ்வொரு தடவையும் 25,000 யூரோ.

மறைக்க எதுவும் இல்லாதவர்களே எம்மவரிற் பலர். கடை நட்டத்தில் ஓடுகிறது, இதிலே காட்ட என்ன இருக்கிறது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். நட்டத்தையும் காட்டவேண்டும், கடை மூடிக்கிடந்தாலும் கம்பனி பதிவிலே இருக்கும்வரை காட்டவேண்டும். கணக்கைப் போட்டுக்கொடுக்கும் வரி ஆலோசகர் அதனைப் பதிவேட்டுக்கும் அனுப்பிவிட்டார் என்று எண்ணுதல் இன்னொரு வழமையான தவறு. அது தனி வேலை. அவரிடம் தனியே ஒப்படைக்கப்படவேண்டியது. மிகச் சிறு கம்பனிகளுக்கு ஒரு சலுகையுண்டு. ஐந்தொகை 450,000 யூரோ, விற்பனை 900,000 யூரோ, பணியாளர் 10 பேர் என்ற மூன்று எல்லைகளில் இரண்டையேனும் தாண்டாதவர்கள், கணக்கை எல்லாரும் படிக்க வெளியிடாமல் பதிவேட்டில் வைப்பிலிட்டால் போதும். கேட்டுப் பணம் கட்டுபவருக்கு மட்டும் அது காட்டப்படும். அயற்கடைக்காரர் தம் கணக்கைப் படிப்பாரே என்று கூச்சப்படுபவர்கள் இதனை அறிந்துகொள்வது நல்லது.

இம் மௌனத்தையும் பயத்தையும் வைத்துப் பிழைப்பவர்களும் உளர். கம்பனி பதிவாகிச் சில நாட்களுக்குள், கழுகுச் சின்னத்தை ஒத்த ஒரு படமும், பதிவேடு, மத்திய, யேர்மன் என்ற சொற்களைக் கலந்த ஒரு பெயரும், கட்டணச் சீட்டும் தாங்கிய கடிதங்கள் வந்து விழும். சில நூறு யூரோ கேட்கும். அவற்றிற் பல அரசின் கடிதங்கள் அல்ல. தனியார் விளம்பரப் பட்டியலில் சேர்க்கும் முன்மொழிவுகள். சமஷ்டி நீதிமன்றம் 2012 ஜூலையில் இத்தகைய ஒரு வழக்கை விசாரித்தது. இணைய வர்த்தகப் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவமொன்றில், ஆண்டுக்கு 650 யூரோ என்ற விலை பக்கவாட்டுச் சிறு எழுத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அவ்வாறு ஒளித்த விலை ஒப்பந்தத்தின் பகுதியாகாது என்று நீதிமன்றம் கூறிற்று. உண்மையான அரசுக் கட்டணங்களும் இதே வேளையில் வருவதுதான் குழப்பம். நீதிமன்றப் பதிவுக் கட்டணம் உண்மையானது. உண்மையான உரிமையாளரைப் பதியும் வெளிப்படைப் பதிவேட்டின், ஆண்டுக்கு 20 யூரோவை ஒட்டிய கட்டணமும் உண்மையானது. அதனை அறவிடுவது மேலே கூறிய கொலோன் பதிப்பகமே. ஆதலால் பெயரைக் கண்டு மட்டும் குப்பையில் எறியவும் வேண்டாம், கழுகைக் கண்டு மட்டும் காசைக் கட்டவும் வேண்டாம். வர்த்தகப் பதிவேட்டை 2022 ஓகஸ்ட் முதல் எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தம் கம்பனியின் பதிவு அங்கே ஒழுங்காக இருக்கிறதா என்பதைக் கடிதத்தை நம்பாமல் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

பொன் நகரத்துக் கடிதம் மட்டும் பெரும்பாலும் ஏனையவற்றைப் போல வருவதில்லை. அது மஞ்சள் உறையில் வரும். தஞ்ச விண்ணப்பத்தின் முடிவு வந்த அதே மஞ்சள் உறைதான். அதனைக் கண்டதும் நெஞ்சு பதறித் திறவாமலே மேசை இலாச்சிக்குள் வைத்துவிடும் பழக்கம் எம்மவரிடையே உண்டு என்பதை நாம் அறிவோம். தபாற்காரர் தம் கையால் அவ்வுறையின் மேல் ஒரு திகதி எழுதியிருப்பார். ஆறு வாரம் எண்ணப்படுவது அத்திகதியிலிருந்து. நீங்கள் உறையைத் திறந்த நாளிலிருந்து அன்று. கடிதத்தை ஆலோசகரிடம் கொண்டுசெல்லும்போது உறையையும் கூடவே கொண்டுசெல்லுங்கள்.